ஜனாதிபதியின் சொல்லும் ஜனாதிபதியின் தாளும்: ஐக்கிய அமெரிக்க ஆவணத் தொகுதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் வரலாற்றையோ வெளிநாட்டுக் கொள்கையையோ ஆராயப் புகும் மாணவர் நூலகத்தில் முதலில் நாடுவது அந்நாட்டு ஜனாதிபதிகளின் உரைத்தொகுதிகளையே. தடித்த அட்டையும் நாள்வரிசையும் விரிவான சொல்லடைவும் கொண்ட அத்தொகுதிகள் தம் தோற்றத்தினாலேயே நம்பிக்கையை ஏற்படுத்துவன. இன்ன நாளில், இன்ன அவையில் ஜனாதிபதி இவ்வாறு கூறினார் என அடிக்குறிப்பு எழுதிவிட்டால் கூற்று நிறுவப்பட்டுவிட்டதாக நாமும் கருதிவிடுகிறோம். அச்சொற்களை ஒன்றுசேர்த்தவர் யார், அவர் விடுத்தவை யாவை, விடுக்கப்பட்டவை இன்று எவருடைய பூட்டுக்குள் இருக்கின்றன என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. இவ்வினாக்களைத் தொடர்ந்து செல்லும்போது, ஆட்சியாளர் எழுதிய தாள் ஆட்சியாளருக்குச் சொந்தமா, ஆளப்படுவோருக்குச் சொந்தமா என்ற நெடிய வழக்கொன்றை நாம் வந்தடைகிறோம். அவ்வழக்கின் போக்கை அறியாது அத்தொகுதிகளைப் பயன்படுத்துவது ஆபத்தானது என்பதே இக்கட்டுரையில் நாம் காட்ட முனைவது.

முதலில் ‘உரை’ என்னும் சொல்லையே சற்று நோக்குதல் வேண்டும். நாட்டின் நிலைமை பற்றி ஜனாதிபதி காங்கிரசுக்குக் காலத்துக்குக் காலம் அறிவித்தல் வேண்டும் என அமெரிக்க அரசியல் யாப்பு விதிக்கிறது. எவ்வாறு அறிவித்தல் வேண்டும் என்று அது கூறவில்லை. ஜோர்ஜ் வாசிங்டனும் ஜோன் அடம்சும் நேரிற் சென்று பேசினர். 1801இல் பதவிக்கு வந்த தோமஸ் ஜெபர்சன், அவ்வழக்கம் பிரித்தானிய மன்னரின் சிம்மாசன உரையை ஒத்திருப்பதாகக் கருதிச் செய்தியை எழுத்தில் அனுப்பிவைத்தார். எழுதுவினைஞர் ஒருவர் அதனை அவையில் வாசித்தார். 1913இல் வூட்ரோ வில்சன் மீண்டும் நேரிற் தோன்றும் வரை, நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதுவே முறையாக இருந்தது. தொகுதிகளில் அடுத்தடுத்து அச்சாகியுள்ள இவ்வாண்டுச் செய்திகள் ஒரே இனத்தவை போலத் தோன்றினும், இடைப்பட்டவை ஜனாதிபதியின் வாயிலிருந்து எவரும் கேளாதவை. பல்வேறு திணைக்களங்களின் அறிக்கைகளைக் கோத்தெடுத்த நீண்ட நிருவாகப் பத்திரங்கள் அவை. 1923இல் கூலிட்ஜின் செய்தி வானொலியிலும், 1947இல் ட்ரூமனின் செய்தி தொலைக்காட்சியிலும் சென்ற பின்னர், கேட்போர் காங்கிரஸ் உறுப்பினர் மாத்திரமன்றி வீட்டிலிருக்கும் வாக்காளரும் ஆயினர். இம்மாற்றத்தைக் கவனியாது சொற்களை எண்ணி இன்ன ஜனாதிபதியின் நடை எளிது, இன்னவரின் நடை கடிது என முடிவு கூறுவது வீண் வேலையாகும்.

வாய்விட்டுப் பேசியனவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவையல்ல. 1863 நவம்பர் 19இல் ஆபிரகாம் லிங்கன் கெற்றிஸ்பேர்க்கில் நிகழ்த்திய மிகச் சிறிய உரைக்கு அவர் கைப்பட எழுதிய பிரதிகள் ஐந்து உள்ளன. ஒன்றோடொன்று முற்றிலும் ஒத்தவை இவற்றுள் இல்லை. கடவுளைக் குறிக்கும் சொற்றொடரொன்று முதலிரு பிரதிகளிலும் காணப்படவில்லை. பின்னெழுதிய பிரதிகளிலும் அன்றைய பத்திரிகைச் செய்திகளிலும் அது காணப்படுகிறது. பாடசாலைப் பிள்ளைகள் மனனம் செய்யும் பாடம் பின்னாளில் எழுதப்பட்ட பிரதியைச் சார்ந்தது. நமது ஏட்டுச்சுவடிப் பதிப்பாளர்களுக்குப் பாடபேதம் புதிய விடயமன்று. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட அரசியலுரை ஒன்றுக்கும் அதே விழிப்பு வேண்டும் என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

இனி, தாள்களின் உடைமை பற்றி நோக்குவோம். 1797இல் பதவி நீங்கிய வாசிங்டன் தமது தாள்களை மவுண்ட் வேர்ணன் இல்லத்துக்குக் கொண்டு சென்றார். எவரும் அதனை ஆட்சேபிக்கவில்லை. தோட்டம், வீடு, அடிமைகள் ஆகியவற்றோடு தாள்களும் குடும்பச் சொத்தாகவே கருதப்பட்டன. அவை அவருடைய சகோதரர் மகனான புஷ்ரொட் வாசிங்டனைச் சென்றடைந்தன. 1827இல் அவற்றைப் பதிப்பிக்கும் பொருட்டுப் பெற்றுக்கொண்ட ஜாரெட் ஸ்பார்க்ஸ், மூலத்தின் சொற்களைத் தமது காலத்து நாகரிகத்துக்கு ஏற்பத் திருத்தி 1834 முதல் 1837 வரை பன்னிரு தொகுதிகளை வெளியிட்டார். கையெழுத்து விரும்பிய நண்பர்களுக்கு மூலத் தாள்களையும் அவர் வழங்கினார். வாசிங்டன் முதற் பதவியேற்புக்கென ஆயத்தம் செய்து பின்னர் கைவிட்ட நீண்ட உரையின் கையெழுத்துப் பிரதியைத் துண்டுதுண்டாக வெட்டிப் பங்கிட்டுக் கொடுத்தவரும் இவரே. அத்துண்டுகளைத் தேடிப் பொருத்தும் வேலை அடுத்த நூற்றாண்டின் அறிஞர்கள் தலையில் விழுந்தது. எஞ்சிய தாள்களை இராஜாங்கத் திணைக்களம் 1834இலும் 1849இலும் விலை கொடுத்து வாங்கியது. நாட்டின் முதல் ஜனாதிபதியின் அலுவற் கடிதங்களை நாடே பணம் கொடுத்து வாங்க நேர்ந்தது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

ஏனையோரின் தாள்களுக்கு நேர்ந்தவை இதனினும் துன்பமானவை. ஜோன் டைலரின் தாள்கள் 1865இல் றிச்மண்ட் நகரம் எரிந்தபோது பெரும்பாலும் அழிந்தன. சக்கரி டெய்லரின் தாள்கள் உள்நாட்டுப் போரின்போது லூசியானாவில் அவர் மகனின் தோட்டம் சூறையாடப்பட்டபோது சிதறின. மில்லார்ட் பில்மோரின் மகன் தந்தையின் கடிதங்களை எரித்துவிடுமாறு மரணசாசனத்தில் எழுதினான். ஆயினும் அவற்றுட் பல தப்பிப் பபலோ நகர வீடொன்றின் பரணில் 1908இல் கண்டெடுக்கப்பட்டன. செஸ்டர் ஆதர் தமது இறுதி நாட்களில் தாமே தமது தாள்களை எரிப்பித்தார். 1923இல் இறந்த வொறன் ஹார்டிங்கின் தாள்களிற் பலவற்றை அவருடைய மனைவி தீக்கிரையாக்கினார். நூலகத்தின் மீது தீ வைக்கப்பட்டதை 1981இல் கண்ட யாழ்ப்பாணத்தார்க்கு இத்தகைய இழப்பை விளக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே குறித்த பல தீக்களில் நெருப்பை இட்டவர் தாளின் உரிமையாளர். அவ்வாறு செய்ய அவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது.

எரிக்காதவர்களும் தாள்களைத் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்தனர். லிங்கனின் மகன் றொபேர்ட், தந்தையின் செயலாளர்களாகப் பணியாற்றிய நிக்கொலே, ஹே ஆகிய இருவருக்கு மட்டும் தாள்களைப் பார்வையிட இடமளித்தார். அவர்கள் எழுதிய பத்துத் தொகுதி வாழ்க்கை வரலாறு 1890இல் வெளிவந்தது. ஏனைய ஆய்வாளர்களுக்குக் கதவு மூடப்பட்டிருந்தது. தாள்களைக் காங்கிரஸ் நூலகத்துக்கு அளித்தபோதும், தாம் இறந்து 21 ஆண்டுகள் கழியும் வரை அவற்றைத் திறத்தலாகாது என்று அவர் நிபந்தனை விதித்தார். 1947 யூலை 26ஆந் திகதி பிறந்த நள்ளிரவின் பின்னரே பெட்டகம் திறக்கப்பட்டது. அடிமை முறையை ஒழித்த ஜனாதிபதியின் கடிதங்களை, அவர் கொலையுண்டு 82 ஆண்டுகள் வரை, குடும்பத்தின் நன்மதிப்பைப் பெற்றோரன்றி எவரும் முழுமையாகக் காணவில்லை என்பது இதன் பொருள். அதுவரை எழுதப்பட்ட லிங்கன் வரலாறுகளை இக்கண்கொண்டு மீளவும் வாசித்தல் தகும்.

காங்கிரஸ் நூலகம் இத்தாள்களின் புகலிடமாக மாறியதற்கு 1903இல் தியடோர் ரூஸ்வெல்ற் பிறப்பித்த கட்டளை முக்கிய காரணமாகும். இராஜாங்கத் திணைக்களத்தில் இருந்த தாள்கள் அதனால் அங்கு இடம்பெயர்ந்தன. வாசிங்டன் முதல் கூலிட்ஜ் வரையான 23 ஜனாதிபதிகளின் தாள்கள் இன்று அங்குள்ளன. அவற்றை நுண்படச்சுருளில் பதிவதற்கு 1957இல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அவ்வேலை 1976இல் முடிவுற்றது. அணுகுண்டு யுகத்தின் அச்சம் இத்திட்டத்துக்கு ஒரு தூண்டுதல் என்பது வேறு கதை. 2020 டிசம்பரில் இருபத்து மூவரின் தாள்களும், 33 இலட்சத்துக்கு மேற்பட்ட படிமங்களாக, எவரும் எங்கிருந்தும் காணத்தக்கவாறு இணையவெளிக்கு வந்து சேர்ந்தன.

கையெழுத்துத் தாள்களின் கதை இவ்வாறிருக்க, அச்சுத்தொகுதிகளின் கதை வேறு வழியிற் சென்றது. டெனசி மாநிலத்தின் பிரதிநிதியாகிய ஜேம்ஸ் றிச்சட்சன் காங்கிரசின் அனுமதியுடன் 1896 முதல் 1899 வரை பத்துத் தொகுதிகளில் ஜனாதிபதிகளின் செய்திகளையும் பத்திரங்களையும் வெளியிட்டார். நூறாண்டுகால அரசியலை ஒரே அலமாரியில் அடக்கிய அப்பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இன்றும் அதனைத் தவிர்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டை ஆராய்தல் கடினம். ஆயினும் அவர் தொகுத்தவை பெரும்பாலும் பதவியேற்புரை, காங்கிரசுக்கு அனுப்பிய செய்தி, பிரகடனம், கட்டளை ஆகியனவே. தேர்தல் மேடையிலும் புகையிரத நிலையத்திலும் பொதுமக்களுக்குக் கூறியனவற்றுக்கு அவரிடத்தில் இடம் மிகக் குறைவு. அரசு தன் சக அரசியல்வாதிகளுக்குக் கூறியதே வரலாறு, தெருவில் கூறியது வரலாறன்று என்னும் கருத்து அத்தெரிவில் அடங்கியிருக்கிறது.

நிறைவேற்றுக் கட்டளைகளின் நிலை இதனினும் விசித்திரமானது. சட்டத்துக்கு நிகரான வலிமையுடைய இக்கட்டளைகளுக்கு 1907 வரை தொடரிலக்கம்கூட இருக்கவில்லை. அவ்வாண்டு இராஜாங்கத் திணைக்களம் தன் கைவசமிருந்தவற்றுக்கு 1862ஆம் ஆண்டில் லிங்கன் லூசியானாவில் நீதிமன்றமொன்றை அமைத்த கட்டளையிலிருந்து இலக்கமிட்டது. திணைக்களத்துக்கு வந்து சேராதவை இலக்கமின்றியே நின்றன. 1933இன் பின்னர் புதிய பொருளாதாரத் திட்டங்களோடு கட்டளைகள் வெள்ளமெனப் பெருகின. அவற்றை அச்சிட்டு வெளியிட நம் நாட்டு வர்த்தமானி போன்ற ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. எண்ணெய் உற்பத்தி விதியொன்றை மீறியதாகத் தொடரப்பட்ட வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றபோது, அந்த விதி 1933 செப்டெம்பரில் ஜனாதிபதியின் திருத்தக் கட்டளையொன்றினால் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. இல்லாத விதியை மீறியமைக்காக மனிதர் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தனர். வழக்குத் தொடுத்த அரசும் அதனை அறியவில்லை! 1935 சனவரியில் தீர்ப்பளிக்கப்பட்ட இவ்வழக்கு எழுப்பிய வெட்கம், அதே ஆண்டு யூலையில் சமஷ்டிப் பதிவேட்டுச் சட்டம் நிறைவேறுவதற்கு வழிகோலியது. பதிவேட்டின் முதலிதழ் 1936 மார்ச் 14இல் வெளிவந்தது. அந்நாள் முதல் கட்டளைகளைத் தேடுபவரின் வேலை எளிதாயிற்று. அதற்கு முற்பட்டவற்றைத் தேடுவோர் இன்றும் தனித்தனிப் பட்டியல்களோடு போராட வேண்டும்.

வெளியிடப்பட்ட கட்டளையும் தன்னைத் தானே விளக்கிவிடுவதில்லை. 1942 பெப்ரவரி 19இல் பிராங்ளின் ரூஸ்வெல்ற் கையொப்பமிட்ட 9066ஆம் இலக்கக் கட்டளை பதிவேட்டில் முறைப்படி அச்சானது. இராணுவத் தளபதிகள் சில பிரதேசங்களை வரையறுத்து, அங்கிருந்து எவரையும் வெளியேற்றலாம் என்று அது கூறுகிறது. ‘ஜப்பானியர்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அக்கட்டளையின் பேரில் பசுபிக் கரையோரத்திலிருந்து ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முட்கம்பி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் மூன்றிலிரு பங்கினர் அமெரிக்கக் குடிகள். கட்டளையை மட்டும் வாசித்தவருக்கு அது யாருக்கு எதிரானது என்பதே புலப்படாது. இராணுவத்தின் குறிப்புகள், நீதித் திணைக்களத்தின் ஆட்சேபங்கள், முகாம் நிருவாகத்தின் கோப்புகள் ஆகியவற்றோடு சேர்த்து வாசிக்கும்போதே அதன் பொருள் வெளிப்படும். சட்டத்தின் மொழி பொதுமையாக இருக்கும் இடங்களிலேயே இனப்பாகுபாடு எளிதில் மறைந்து நிற்கும் என்பதை நமது வாசகர் நன்கறிவர்.

இந்த ரூஸ்வெல்ற்றே தாள்களின் உடைமை பற்றிய கருத்தில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியவர் என்பது வரலாற்றின் முரண். தமது தாள்களை நாட்டுக்கு அன்பளிப்பதாகவும், அவற்றுக்கென நூலகம் ஒன்றைத் தமது ஊராகிய ஹைட் பார்க்கில் நன்கொடைப் பணத்தினால் கட்டி அரசிடம் ஒப்படைப்பதாகவும் 1938 டிசம்பரில் அவர் அறிவித்தார். நூலகம் 1941 யூன் 30இல் திறக்கப்பட்டது. இம்முறையைப் பொதுவாக்கிய சட்டம் 1955இல் வந்தது. இதிலும் ‘அன்பளிப்பு’ என்ற சொல்லே அடிப்படையாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஜனாதிபதி விரும்பினால் கொடுப்பார். கொடுக்கும்போது நிபந்தனையும் விதிப்பார். தமது வரலாற்றைத் தாமே ஒழுங்குசெய்யும் ஆர்வம் ரூஸ்வெல்ற்றிடம் மிகுந்திருந்தது. அவருடைய உரைகளின் பதின்மூன்று தொகுதிகள் 1938 முதல் 1950 வரை வெளிவந்தன. பதிப்பாசிரியர் சாமுவேல் றோசன்மன், அவ்வுரைகளிற் பலவற்றை எழுதுவதில் கைகொடுத்தவர். முதல் தொகுதிகளில் ஜனாதிபதியின் பெயரிலேயே விளக்கக் குறிப்புகளும் சேர்க்கப்பட்டன. பதவியிலிருக்கும்போதே தமது சொற்களுக்குத் தாமே உரையாசிரியரானார்!

1933 மார்ச் மாதப் பதவியேற்புரையின் கையெழுத்துப் பிரதியின் வரலாறு இன்னும் சுவையானது. ஹைட் பார்க் நூலகத்தில் அவ்வுரை முழுவதும் ரூஸ்வெல்ற்றின் கையெழுத்தில் உள்ளது. பெப்ரவரி 27ஆந் திகதி இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி அதிகாலை ஒன்றரை மணிக்கு எழுதி முடித்த மூலப்பிரதி இது என்ற குறிப்பும் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. இதனிலும் உறுதியான சான்று எதனை வேண்டுவது? ஆனால் அவருடைய ஆலோசகராயிருந்த றேமண்ட் மோலி பின்னாளில் எழுதியதன்படி, அன்றிரவு மேசைமேல் இருந்தது மோலி கொண்டுவந்த வரைவு. ரூஸ்வெல்ற் அதனைப் பார்த்துத் தம் கையால், இங்குமங்கும் மாற்றி, எழுதிக்கொண்டார். எழுதி முடிந்ததும் மோலி தமது வரைவை எடுத்து அடுப்புத் தீயில் எறிந்தார். கையெழுத்து எழுதியவரைக் காட்டுமேயன்றி ஆக்கியவரைக் காட்டாது. சுவடிச்சாலையிற் கிடைக்கும் ‘மூலம்’ என்ற சொல்லின் முன் பணிந்துவிடும் ஆய்வாளர் இச்சம்பவத்தை நினைவிற் கொள்வது நன்று.

1957இல் ஜனாதிபதிகளின் பொதுப் பத்திரங்கள் என்ற அரச வெளியீட்டு வரிசை தொடங்கப்பட்டது. ஹூவர், ட்ரூமன், ஐசன்ஹோவர் முதலாகப் பின்வந்தோர் இதில் அடங்குவர். பிராங்ளின் ரூஸ்வெல்ற் மாத்திரம், முன்னமே தொகுதி இருந்தமையால், வெளியே நிற்கிறார். 1965 முதல் வாராந்தத் தொகுப்பும் வெளிவந்தது. 2009 சனவரியில் அது நாளாந்த வெளியீடாக மாறியது. இவ்வரிசையின் பதிப்பு நேர்மையில் நாம் குறை காணவில்லை. இயன்றவரை பேசியவாறே அச்சிடுவதும், ஒலிப்பதிவோடு ஒப்பிடுவதும் பாராட்டத்தக்கன. குறை அதனைப் பயன்படுத்துவோரிடத்தே உள்ளது. 1964 ஓகஸ்ட் 4ஆந் திகதி நள்ளிரவை அண்மித்த வேளையில் லிண்டன் ஜோன்சன், டொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீண்டும் தாக்கப்பட்டதாகத் தொலைக்காட்சியில் அறிவித்த உரை அவ்வாண்டுத் தொகுதியிற் பிழையின்றி அச்சாகியிருக்கிறது. மூன்று நாட்களின் பின் காங்கிரஸ், பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0 என்றும் செனற் சபையில் 88க்கு 2 என்றும் வாக்களித்து, போர் தொடுக்கும் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்தது. ஓகஸ்ட் 2இல் நிகழ்ந்த மோதல் உண்மை. 4ஆந் திகதித் தாக்குதல் நிகழவேயில்லை. தேசியப் பாதுகாப்பு முகவர்நிலையத்தின் வரலாற்றாசிரியரே இதனை நிறுவி எழுதிய இரகசிய ஆய்வு 2005இலேயே வெளிவிடப்பட்டது. அச்சுப் பிழையற்ற தொகுதி ஒன்று மெய்ப்பிழை நிறைந்ததாக இருக்கலாம். வியற்நாமில் இலட்சக்கணக்கானோர் மாண்ட போரொன்றின் வாயிலில் இருப்பது அத்தகைய பக்கமே.

பேசிய சொல்லுக்கும் பேசாத தாளுக்கும் இடையிலான பிளவு நிக்சனின் காலத்திலே பகிரங்கமாயிற்று. 1971 பெப்ரவரி முதல் 1973 யூலை வரை அவருடைய அலுவலக உரையாடல்கள் யாவும் இரகசியமாக ஒலிப்பதிவாயின. ஏறத்தாழ 3,700 மணிநேரம். 1973 யூலை 16இல் இது விசாரணைக் குழுவின் முன் வெளிப்பட்டது. நிக்சன் 1974 ஏப்ரலில் தாமே தெரிந்து திருத்திய எழுத்துவடிவத்தை 1,200க்கு மேற்பட்ட பக்கங்களில் வெளியிட்டார். பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு அதே ஒலிநாடாக்களைக் கேட்டுத் தன் எழுத்துவடிவத்தை வெளியிட்டபோது இரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடுகள் தெரிந்தன. ஜனாதிபதி தொகுக்கும் ஜனாதிபதி ஆவணம் எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

ஓகஸ்ட் 9இல் நிக்சன் பதவி துறந்தார். அடுத்த மாதமே, பொது மன்னிப்போடு சேர்ந்து, ஓர் உடன்படிக்கையும் வெளியாயிற்று. 4 கோடி 20 இலட்சம் பக்கங்களும் 880 ஒலிநாடாக்களும் நிக்சனின் சொத்து. குறித்த காலத்தின் பின் ஒலிநாடாக்களை அழிக்கலாம் என்பது அதன் சாரம். வாசிங்டன் காலத்து வழக்கத்தின்படி இதில் புதுமை எதுவும் இல்லை. மாறியிருந்தது மக்களின் மனநிலையே. 1974 டிசம்பரில் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றித் தாள்களைக் கைப்பற்றியது. நிக்சன் வழக்காடினார், 1977இல் உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் சட்டத்தை உறுதிசெய்தது. ஆயினும் ஒலிநாடாக்களைக் கேட்க ஸ்ரான்லி கட்லர் என்னும் வரலாற்றாசிரியர் 1992இல் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. 1996இல் எய்திய இணக்கத்தின் பின்னரே அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன.

1978இன் ஜனாதிபதிப் பதிவேடுகள் சட்டம் இப்போராட்டத்தின் விளைவு. 1981 சனவரி 20இலிருந்து உருவாகும் ஜனாதிபதித் தாள்கள் அரசின் உடைமை என அது விதித்தது. பதவி நீங்கி ஐந்து ஆண்டுகளின் பின் பொதுமக்கள் அவற்றைக் கோரலாம். சில வகைகளைப் பன்னிரு ஆண்டுகள் வரை மறைத்துவைக்கலாம். றேகன் இச்சட்டத்துக்கு உட்பட்ட முதல்வர். அவருடைய ஆட்சியின் இறுதி நாட்களில், 1989 சனவரியில், வெள்ளை மாளிகையின் மின்னஞ்சல்கள் அழிக்கப்படவிருந்ததைத் தடுக்கப் பத்திரிகையாளரும் ஆய்வாளரும் நீதிமன்றம் சென்றனர். 2001இல் பன்னிரண்டு ஆண்டு நிறைவெய்தி றேகனின் 68,000 பக்கங்கள் திறக்கப்பட வேண்டிய வேளையில், புதிய ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் தாமதித்து, நவம்பரில் பிறப்பித்த கட்டளையினால் முன்னாள் ஜனாதிபதிகளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் தடுக்கும் அதிகாரத்தை விரித்தார். 2009 சனவரி 21இல் ஒபாமா அதனை நீக்கினார். சட்டத்தின் ஒரு வரியைக் கட்டளையின் ஒரு வரி ஏழாண்டுகளுக்கு மேல் முடக்கிவைத்தது எனலாம்.

இராஜாங்கத் திணைக்களம் 1861 முதல் வெளியிட்டுவரும் வெளிநாட்டுறவு ஆவண வரிசையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஜனாதிபதியின் உரைக்குப் பின்னாலுள்ள ஆலோசனைக் குறிப்புகளும் உரையாடற் பதிவுகளும் முதலில் அச்சேறுவது பெரும்பாலும் இங்கேயே. மூன்றாம் உலக ஆய்வாளர்களுக்கு இதனினும் பயனுள்ள தொகுதி அரிது; 1955–57ஆம் ஆண்டுகளுக்கான எட்டாந் தொகுதியில் இலங்கை பற்றிய பகுதியும் உண்டு. ஆனால் இதன் நம்பகத்தன்மையும் கேள்விக்குள்ளானது. 1952–54ஆம் ஆண்டுகளின் ஈரான் பற்றிய தொகுதி 1989இல் வெளிவந்தபோது, மொசாதிக் ஆட்சியை 1953இல் கவிழ்த்ததில் சி. ஐ. ஏ. வகித்த பங்கு அதில் அறவே இடம்பெறவில்லை. ஈரானியர் அனைவரும் அறிந்திருந்த உண்மையை அமெரிக்க அரசின் ஆவணத் தொகுதி அறியாதது போல் நடித்தது. ஆலோசனைக் குழுத் தலைவர் அடுத்த ஆண்டு பதவி துறந்தார். கண்டனத்தின் பயனாக, முழுமையும் நம்பகமும் உடைய பதிவை முப்பது ஆண்டுகளுக்குள் வெளியிடல் வேண்டும் என 1991இல் சட்டம் விதிக்கப்பட்டது. விடுபட்டவற்றைக் கொண்ட ஈரான் தொகுதி 2017 யூனில் வெளிவந்தது. நிகழ்ச்சிக்கு 64 ஆண்டுகளின் பின்னர்.

இன்று தேடும் வசதிகள் பெருகியுள்ளன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் 1999இல் தொடங்கிய தொகுப்பில் வாசிங்டன் முதலான அனைவரின் பொது உரைகளையும் கட்டளைகளையும் நொடியில் தேடலாம். பேராதனையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவருக்கு இது பெரும் பேறு. ஆயினும் இவ்வசதி ஒரு சாய்வையும் உண்டாக்குகிறது. உலகறியப் பேசியவை எளிதிற் கிடைக்கின்றன. பேசாதவை ஐயோவா, மிசூரி, கன்சாஸ், ரெக்சாஸ், கலிபோர்னியா எனச் சிதறிய நூலகங்களின் பெட்டிகளில் உள்ளன. அவற்றுட் பெரும்பகுதி இன்னும் படிமமாக்கப்படவில்லை. வறிய நாட்டு ஆய்வாளர், தாமறியாமலே, வல்லரசு தன்னைப் பற்றிச் சொன்னதையே திரும்பச் சொல்பவராகிவிடக்கூடும்.

நமக்கு நெருங்கிய ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 1984 யூன் 18இல், 1983 யூலை வன்செயல்கள் நிகழ்ந்து ஓராண்டு நிறையாத வேளையில், ஜே. ஆர். ஜெயவர்த்தன வெள்ளை மாளிகையில் அரச விருந்தினராக வரவேற்கப்பட்டார். வரவேற்புரைகளும் இரவு விருந்தின் வாழ்த்துரைகளும் றேகனின் 1984ஆம் ஆண்டுப் பொதுப் பத்திரங்களின் முதற் புத்தகத்தில் உள்ளன. யானைக்குட்டி ஒன்று அன்பளிப்பாக அளிக்கப்பட்டதைப் பத்திரிகைகள் எழுதின. விருந்துக்கு முன் இரு ஜனாதிபதிகளும் அறைக்குள் என்ன பேசினர், ஆலோசகர்கள் றேகனுக்கு என்ன குறிப்பு எழுதிக் கொடுத்தனர் என்பன அப்புத்தகத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை நாடுவோர் சிமி வலியிலுள்ள றேகன் நூலகத்தில் தேசியப் பாதுகாப்புச் சபையின் தென்னாசியப் பிரிவுக் கோப்புகளையும், வெள்ளை மாளிகைப் பதிவலுவலகத்தின் நாட்டுவாரிக் கோப்புகளையும் தேட வேண்டும். மறுபக்கத்துத் தாள்களுக்கு, 1988ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் கொழும்பில் நிறுவப்பட்ட ஜே. ஆர். ஜெயவர்த்தன நிலையமும், 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உள்ளன.

சிமி வலியில் பெட்டியைத் திறப்பவர் எதிர்பார்த்த தாளைக் காணாதிருக்கலாம். அப்போது பெட்டியின் முன்புறத்தே ‘எடுக்கப்பட்ட ஆவணங்கள்’ என்ற பட்டியற் தாள் ஒன்று இருக்கும். மறைக்கப்பட்ட ஒவ்வொன்றினதும் வகை, நாள், பக்க எண்ணிக்கை, மறைத்தமைக்கான காரணக் குறியீடு ஆகியன அதில் பதியப்பட்டிருக்கும். மீளாய்வு கோரும் விண்ணப்பத்தில் அந்த விபரங்களை அவ்வாறே எழுத வேண்டும்; விடை வரச் சில ஆண்டுகள் செல்லும்.